ஐந்தாவது கைக்குத் தண்ணீர் இல்லை

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதை கட்டத் தெரிந்தவன் இல்லை நான். பரமக்குடிப் பக்கம் மிளகாய் போடுகிறவன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. என் தம்பி முனீஸ்வரன் திருப்பாலைக்குடிக்குப் படகுக் கூலியாகப் போனான். நீச்சல் தெரியாத பயல்! வேண்டாமென்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டானா? படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறினார்கள். இவனை மட்டும், காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி, அலை இழுத்துப் போய்விட்டது.

மூன்றாம் நாள் சல்மான் என்பவரின் படகில் நானும் தேடப் போனேன். வெயிலுக்குத் தலையில் சிவப்புத் துண்டு. கையில் ஒரு கேன் தண்ணீர். உயிரோடு இருந்தால் தாகத்தில் தவிப்பானே...

பகல் 12.20. டீசல் ஊற்றுவதற்காகச் சல்மான் இன்ஜினை நிறுத்தினார். கடலில் அலையே இல்லை. ஒரு பறவைகூட இல்லை.

டொப்... டொப்...

திரும்பினேன். கைக்கெட்டும் தூரத்தில் மஞ்சள் நிற ரப்பர் படகு ஒன்று. அதில் தோல் தொப்பி போட்ட நாலு வெள்ளைக்காரர்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. அவர்கள் நடுவில்... என் தம்பி!

"முனீசு!"

"வந்துட்டியாண்ணே? மொதல்ல அவுகளுக்கு ஊத்து."

எங்கள் ஊர்ப் பழக்கம் அது. தண்ணீரென்றால் வெளியாளுக்குத்தான் முதலில். ஊற்றினேன். நாலு பேரும் கையேந்திக் குடித்தார்கள்.

மடக்... மடக்...

பிறகு தம்பி கையை நீட்டினான்.

கேனைக் கவிழ்த்தேன்.

சொட்டுக்கூட இல்லை.

"எனக்கில்லையாண்ணே?"

யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். சல்மான்.

"அண்ணே! எதுக்கு நல்ல தண்ணியக் கடல்ல ஊத்துறீக?"

எதிரே வெறும் கடல். மணி 12.26.

மறுநாள் காலை உடல் ஒதுங்கியது. முந்தைய நாள் மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கிறது, தாகத்தில்தான் செத்திருக்கிறான் என்றார் டாக்டர். பாவி நான்.

துக்கம் கேட்க வந்த சல்மானின் தாத்தா அப்துல் ஹமீதிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் முகம் வெளுத்தது.

"வெள்ளைக்காரன் சண்டைக் காலத்துல பிளேன் ஒண்ணு இந்தக் கடல்ல விழுந்துச்சு. நாலு பேரு ரப்பர் படகுல மூணு நாள் கெடந்து பொழைச்சாக. என்னையப் பெத்த அத்தாதான் கரை சேத்தாக. எப்படிப் பொழைச்சீகன்னு கேட்டதுக்கு, சாடையில சொன்னாகளாம். தலையில செவப்புத் துண்டு கட்டுன ஒருத்தன் மத்தியானம் வந்து தண்ணி ஊத்துனான்னு."

மூலையில் கிடந்த என் சிவப்புத் துண்டைப் பார்த்தேன்.

"அவுக கூட நம்ம பக்கத்துப் பய ஒருத்தனும் இருந்தானாம். அவனுக்குத்தான் தண்ணி பத்தலையாம்."