திரும்பி ஆற்றுக்கே போன தண்ணீர்

பிரான்சின் தென்மேற்கில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனாலும் அந்த ஊர்த் தேவாலயத்துக்கு வாசல் எந்தப் பக்கம், ரொட்டி வண்டி எந்தத் திருப்பத்தில் ஹாரன் அடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் முதுகலைப் புவியியல் படித்தபோது, ஏதாவது ஒரு கிராமத்தின் நிலம், வரலாறு, பிழைப்பு பற்றி ஆய்வேடு எழுதச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் பஸ் போகிற ஊராகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான், மார்க் நிறைய விழும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இளங்கலையில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவள். படித்ததைச் சும்மா விட மனம் வரவில்லை.

"ஏட்டி, நம்மூரு ஒனக்கு ஊராத் தெரியலையா?" என்றாள் அம்மா.

"நம்மூரத்தான் தெனமும் பாக்கேனே."

"அது சரி. அங்கன உள்ளவ எவளாவது நம்மூரப் பத்தி எழுதுதாளா?"

அம்மாவுக்கு நடவு வேலை. தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆய்வேடு தேறினால் முனைவர் படிப்புக்கு இடம் உறுதி. தேறாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடத்துக்குள் எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட சொந்தக்காரர்கள் தயாராக இருந்தார்கள்.

அந்த ஊரைப் படிக்கப் படிக்க எனக்கு மதிப்புக் கூடிக்கொண்டே போனது. எங்கள் தெருவில் இருக்கிற அளவுகூட அங்கே ஆள் கிடையாது. இருந்தும் அவர்களுக்கென்று ஒரு மேயர், ஒரு அலுவலகம், ஒரு பள்ளிக்கூடம். சுண்ணாம்புக் கல் மேட்டின் அடிவாரத்தில், ஆற்றின் வளைவில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரு காலத்தில் சரிவெல்லாம் திராட்சை. கொடியின் வேரில் பூச்சி விழுந்து எல்லாம் பட்டுப்போனது. வாதுமை மரம் வைத்தார்கள், ஆடு வளர்த்துப் பாற்கட்டி செய்தார்கள். போருக்குப் போன பையன்கள் பலர் திரும்பவில்லை. அவர்கள் பெயரை எல்லாம் ஒரு கல்லில் வெட்டி ஊர் நடுவில் வைத்திருக்கிறார்கள். ரயில் வந்தது, பிறகு நின்றுபோனது. அக்கம்பக்கத்து ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தபோதும் இந்த ஊர் மட்டும் விளக்கை அணைக்கவில்லை.

எதனால்? அதுதான் என் ஆய்வின் மையக் கேள்வி. பதிலும் கையில் இருப்பதாக நினைத்தேன். செயற்கைக்கோள் படத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பழைய கல் அணைக்கட்டு தெரிந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்தது. அதற்குக் கீழே பச்சைப் பசேலென்று நிலம். வேறென்ன வேண்டும்? ஊரைக் காப்பாற்றியது பாசனம்தான் என்று எழுதினேன். வாய்க்காலையும் மடைகளையும் நீலத்தில் வரைந்து, கீழே உள்ள வயல்களுக்குப் பச்சை தீட்டினேன். கோடையில் கடைமடைக்காரர்கள் படும் பாடு பற்றித் தனியாக ஒரு பத்தியும் எழுதினேன். அந்தப் பத்தி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தபோது அந்த ஊர் அலுவலகத்தின் பெண் செயலாளர் வீடியோவில் பேசச் சம்மதித்தார். நரைத்த குட்டை முடி, கையில் தோட்ட வேலை செய்த மண். அலுவலகம் பாதி நாள், மீதி நாள் வாதுமைத் தோப்பு என்றார். என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

தயாராக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "தண்ணீர் குறைகிற மாதங்களில் கடைசி வயல்காரர்களுக்கும் மேல் வயல்காரர்களுக்கும் சண்டை வருமா?"

"எந்த வயல்?"

"அணைக்கட்டு வாய்க்காலில் பாய்கிற வயல்."

அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கி நடந்தார். பாலம் வந்தது, அணைக்கட்டு வந்தது, என் நீல வாய்க்காலும் வந்தது. அதில் ஒரு மடைகூட இல்லை. நேராக ஒரு கல் கட்டடத்துக்குள் நுழைந்து, அடியில் இருந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறுபக்கமாகப் போய் ஆற்றிலேயே விழுந்தது.

"மாவு அரைக்கிற ஆலை. நிலத்துக்கு மழை போதும்" என்றார்.

அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட நிலத்தைத் தொடவில்லை. அணைக்கட்டு என்றால் அதன் கீழே வயல் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கு வரும்?

அவர் எதையும் அவசரப்படுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். மேட்டு நிலத்துக் கோதுமை எல்லாம் இங்கே வந்துதான் மாவானது. வாதுமைக்கு எண்ணெய் ஆட்டியதும் இங்கேதான். பிறகு அதே தண்ணீரில் மின்சாரம் எடுத்து, அக்கம்பக்கத்து ஊர்களுக்கு முந்தி விளக்குப் போட்டார்கள். இன்றும் மின்சாரம் விற்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கூரையை அந்த வருமானத்தில்தான் மாற்றினார்களாம். ஆக, ஊரைக் காப்பாற்றியது அணைக்கட்டுத் தண்ணீர்தான் என்ற அளவில் நான் எழுதியது சரி, காப்பாற்றிய விதம்தான் வேறு.

பொருளாதார அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். புதிதாகப் படம் வரைந்தேன். பழைய படத்தையும் எடுக்காமல், 'இது தவறு' என்று கீழே எழுதி முன்னால் வைத்தேன். வழிகாட்டிப் பேராசிரியை பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஏம்மா, வம்ப வெல குடுத்து வாங்குத? பழசக் கிழிச்சிரு. புதுசு மட்டும் போதும்."

"இருக்கட்டும் மேடம்."

"நாளைக்கு எங்கிட்ட வந்து அழக் கூடாது, பாத்துக்க."

வைவா அன்று அம்மா நடவுக்குப் போகவில்லை. கல்லூரியைப் பார்த்ததில்லை என்று என்னோடு பஸ் ஏறினாள். துறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத் திருப்பினார். "தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு வச்சீங்க?"

"சார், அணைக்கட்டப் பார்த்ததும் எனக்கு வயல்தான் தெரிஞ்சது. ஒரு ஊர் ஆத்துத் தண்ணிய வச்சு வேற மாதிரியும் பிழைக்கலாம்னு தோணவே இல்ல. அவங்க எப்படிப் பிழைச்சாங்கங்கிறது ரெண்டாவது படத்துல இருக்கு. முதல் படம் இல்லாட்டி ரெண்டாவதோட அருமை தெரியாது."

அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அதன் பிறகு கேட்டதெல்லாம் ஆலையைப் பற்றித்தான். கேட்கக் கேட்க எனக்குக் குரல் வந்தது. முடித்து வெளியே வந்து, தேறிவிட்டேன் என்றதும் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "மத்தியானத்துக்கு மேல போனா அரை நாள் நடவு கிடைக்கும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அந்த ஊர்ச் செயலாளருக்கு இரண்டு படங்களையும் அனுப்பினேன். சில வாரம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. அவர்கள் அலுவலகச் சுவரில், சட்டம் போட்டு மாட்டியிருந்தது தப்பான படம். தங்கள் ஊர் இவ்வளவு பச்சையாக இருந்து யாரும் பார்த்ததில்லையாம்.

அம்மா போனை வாங்கி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"வயலு நல்லாத்தான் இருக்கு. மடையத் தொறந்தா சொல்லச் சொல்லுட்டி, நடவுக்கு வாறேன்."