மருமகள் அளந்த ஈறு

என் மகனுக்குப் பரிசம் போட்டிருக்கும் பெண், திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பல் மருத்துவ மேல்படிப்பு படிக்கிறாள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே துளியளவு நீர் கசியுமாம். ஈறு கெட்டு, அடியிலிருக்கும் எலும்பு கரையத் தொடங்கினால் அந்த நீரில் ஒரு என்சைம் ஏறிவிடுமாம். வலி வருவதற்கு முன்பே அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஈறு உள்ளவர்களும் வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி ஓர் ஆள்தான் சிக்கவில்லை.

பரிசத்தன்று பந்தியில் நான் விட்ட சவடால் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. "முப்பத்திரண்டும் ஒரிஜினல்மா. பல் டாக்டர் வாசப்படியை மிதிச்சதே இல்ல!"

போன் செய்தாள். "மாமா, நீங்க ஒருத்தர் வந்தா போதும். காலையில பல்லு தேய்க்காம, ஒண்ணும் சாப்பிடாம வாங்க."

ஒரு வருடமாகப் பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வந்துகொண்டிருந்தது. மனைவி கண்ணில் படக்கூடாதென்று ரோஸ் நிறப் பல்பொடிக்கு மாறியிருந்தேன். வரப்போகும் மருமகளிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? "வந்துர்றேம்மா" என்றேன்.

கிளம்பும் காலையில் மனைவி வழிமறித்தாள். "சம்பந்தி வீட்டுப் புள்ள மொகத்துக்கு நேரா வெளக்காத வாயத் தொறப்பீங்களா? நாளைக்கு அவங்க அம்மா காதுக்குப் போகாது?"

நியாயமாகத்தான் பட்டது. உப்பு வைத்து ஒரு தடவை, பல்பொடி வைத்து இரண்டு தடவை தேய்த்துவிட்டு விராலிமலையில் பஸ் ஏறினேன்.

கல்லூரியில் மருமகள் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஈறு ஓரத்தில் செருகி எடுத்தாள். சிவப்பு. இன்னொன்று செருகினாள். அதுவும் சிவப்பு.

"மாமா, பல்லு தேய்ச்சீங்களா?"

"லைட்டா."

"ரத்தம் பட்டா செல்லாது மாமா." அவள் முகம் தொங்கிப்போனது. பிறகு அளவுக்கோடு போட்ட ஒரு கம்பியை ஈறுக்குள் விட்டு, எழுதிக்கொண்டிருந்த தோழிக்கு எண் சொல்ல ஆரம்பித்தாள். "மூணு, நாலு, அஞ்சு, அஞ்சு, ஆறு..."

நான் பள்ளிக்கூட வாத்தியார். எண் ஏற ஏற மனம் குளிர்ந்தது. கம்பியை எடுத்ததும் கேட்டேன், "பாஸ்தானம்மா?"

தோழி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது ஈறுக்குள்ள விழுந்த பள்ளத்தோட ஆழம் மாமா. மூணு மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது," என்றாள் மருமகள். பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதைச் சொல்லும் குரலில் தொடர்ந்தாள். "நீங்க அடுத்த குரூப்புக்கு வந்துருங்க."

"அது யாரும்மா?"

"நோயாளிங்க. எத்தனை நாளா ரத்தம் வருது?"

"இன்னைக்குத்தான்."

அவள் அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னாள். இந்தத் தடவை, போகும் இடத்தை மனைவியிடம் சொல்லாமல், நாறும் வாயைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டு போய் வந்தேன். சில நாளில் போன் வந்தது.

"மாமா, அந்த என்சைம் ஒங்களுக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி. குரூப்புலயே நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

வாழ்க்கையில் முதல் முறை ஃபர்ஸ்ட்டு.

"பள்ளத்தப் பாத்தா இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல மாமா."

என் வாயை நம்பாமல் வாயில் ஊறியதை நம்புகிறவளிடம் என்ன பேசுவது? "ஒரு வருஷம் இருக்கும்மா. அத்தைகிட்டச் சொல்லிராத."

"சொல்ல மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை வாங்க, ஈற சுத்தம் பண்ணணும். ரெண்டு பல்லு ஆடுது. விட்டா கல்யாண போட்டோவுக்கு வராது."

வெள்ளிக்கிழமை மனைவியும் கூடவே கிளம்பிவிட்டாள். பல் கறை எடுக்கப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். நாற்காலியில் என்னைச் சாய்த்து, ஊசி போட்டு, மருமகள் சுரண்ட ஆரம்பித்தாள். தொட்டியில் துப்பியதை மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா இம்புட்டு ரத்தம்? இது எத்தனை நாளா?"

மருமகள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். "மாமாகிட்டயே கேளுங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குள் வாய் நிறையப் பஞ்சு. ஒரு பொய்கூடச் சொல்ல வழியில்லை. ஒற்றை விரலைக் காட்டினேன்.

"ஒரு நாளா?"

இல்லை என்று தலையாட்டப் பார்த்தேன். மருமகள் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒரு வாரமா? ஒரு மாசமா?" மனைவி ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தாள். விரலை இறக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.