புத்தம் புதிய ஒலியில்

என் அண்ணியின் குரல் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் அங்கே டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு அறை, போர்டு நிறைய ஓட்டைகள், சொருகுவதற்கு ஒயர்கள். காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை "சொல்லுங்க, எந்த வார்டு?" தான். நர்ஸுகளை விரட்டுகிற பெரிய டாக்டர்கூட அந்தக் குரலிடம் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவார்.

தேன், குயில் என்றெல்லாம் நான் அளக்கப் போவதில்லை. கொஞ்சம் கனமான குரல். வாக்கியத்தை முடிக்கும் முன் ஒரு நூல் நின்று, அப்புறம்தான் கடைசிச் சொல்லை வைப்பார். நான் லிஃப்ட் மெக்கானிக். எவனாவது ஓவராக ஆளை ஏற்றி லிஃப்டைக் கெடுத்து வைத்திருப்பான். கை முழுக்க கிரீஸ், மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டுக்கு வருவேன். கதவைத் திறக்கும்போதே அண்ணி கேட்பார்: "என்ன தம்பி, இன்னைக்கும் லிஃப்ட் பாதியில நின்னுடுச்சா?" அவ்வளவுதான், கோபம் போன இடம் தெரியாது. அண்ணனை நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன். அண்ணியை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

சினிமா அவரைத் தேடி வந்ததும் அந்த போர்டு வழியாகத்தான். ஒரு ஒலிப்பதிவாளரின் அம்மா அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் போன் செய்து விசாரித்துக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் காலையில் கூப்பிட்டபோது அம்மா போய்விட்டிருந்தார். அதைச் சொல்லும் உரிமை ஆபரேட்டருக்குக் கிடையாது. "டாக்டர் உங்ககிட்ட பேசணுமாம். வண்டிய நீங்க ஓட்டாம, வேற யாரையாவது ஓட்டச் சொல்லி வாங்க" என்று மட்டும் சொன்னாராம் அண்ணி. குரலில் அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சில மாதம் கழித்து அவரே மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார். ஒரு தாதா படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு காட்சி: தாதாவின் வீட்டில் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது. போன் அடிக்கிறது. பேசுவது தாதாவேதான், "வீட்டுக்கு வரேன்" என்கிறான். எதிரே துப்பாக்கியோடு நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி அவனிடமே சொல்ல வேண்டும்: "அவர் ஊர்ல இல்லைங்க. வந்தா சொல்றேன்." நடித்த நடிகைக்கு முகம் வந்தது, குரல் வரவில்லை. யார் யாரையோ பேச வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இவரைக் கூப்பிட்டார்கள். அண்ணனும் நானும் ஸ்டுடியோ வாசலிலேயே நின்றிருந்தோம். ஒரு மத்தியானத்தில் பேசி முடித்துவிட்டு வெளியே வந்து, "இதைத்தான் நான் தினமும் பேசறேன். இதுக்கு இத்தனை பேரா?" என்றார் அண்ணி.

படம் வந்தது, ஓடு ஓடென்று ஓடியது. மூன்று பேரும் தியேட்டருக்குப் போனோம். அந்தக் காட்சியில் அத்தனை கூட்டமும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. "அவர் ஊர்ல... இல்லைங்க." அதே ஒரு நூல் நிறுத்தம். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று "எங்க அண்ணிடா!" என்று கத்தினேன். "உக்காருடா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவன் என் தலையில் தட்டினான். டைட்டிலில் அண்ணியின் பெயர் கிடையாது. யாரிடம் போய் நிரூபிப்பது? அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படம் முடிகிற வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தயாரித்தவனுக்கும் பணம் போட்டவனுக்கும் சண்டை வந்து, படம் கோர்ட்டுக்குப் போய்ப் பூட்டிக்கொண்டது. டிவியில் வரவில்லை, கேசட்டும் வரவில்லை. பார்த்தவர்கள் பேசிப் பேசியே அதைப் பெரிய படமாக ஆக்கிவிட்டார்கள்.

அண்ணிக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது அவர் மகள் பாப்பாவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. உயிர் வேண்டுமா, குரல் வேண்டுமா என்று டாக்டர்கள் கேட்காத குறைதான். குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. ஆஸ்பத்திரி பெரிய மனசு பண்ணி வேலையைவிட்டு எடுக்கவில்லை. துணி அறைக்கு மாற்றியது. இருபது வார்டுக்கும் பேசிக்கொண்டிருந்தவர் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க ஆரம்பித்தார். கழுத்தில் வைத்துப் பேச ஒரு கருவி கொடுத்தார்கள். அதை வைத்து முதல்முதலாக "பாப்பா" என்றார். மோட்டார் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. குழந்தை வீறிட்டு அலறிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தது. அண்ணி கருவியைத் துடைத்து அலமாரிக்குள் வைத்தார். அதோடு சரி.

வீட்டில் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசப் பழகிவிட்டோம். பாப்பா எங்களைவிட வேகம். அண்ணி சமையலறையில் கரண்டியால் தட்டினால், எந்தத் தட்டு சாப்பாட்டுக்கு, எந்தத் தட்டு திட்டுக்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். "அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?" அண்ணன் சொல்லத் தெரியாமல் முழிப்பான். நான் மிமிக்ரி செய்து பார்ப்பேன், "சீ, போ சித்தப்பா" என்பாள். வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லாமல் இல்லை. சினிமாப் பாட்டாகப் பிடித்து வைத்திருந்தோம். தினமும் கூடவே பேசிக்கொண்டிருக்கிறவரை எவன் பதிவு செய்து வைப்பான்? அந்த டேப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கடைசியில் அண்ணன் ஒரு பதில் கண்டுபிடித்தான்: "அந்தப் படம் ஒருநாள் வரும் பாரு. அப்ப கேக்கலாம்."

வந்தது. பாப்பா வேலைக்குப் போய், கல்யாணமும் நிச்சயமாகி இருந்த சமயம். வழக்கு முடிந்து, படத்தை டிஸ்க்காகப் போட்டிருந்தார்கள். அண்ணன் வாங்கி வந்து அட்டையைக் காட்டினான். துப்பாக்கியோடு நிற்கிற தாதாவின் காலடியில் தங்க எழுத்தில் போட்டிருந்தது: 'புத்தம் புதிய ஒலியில்'. அண்ணன் அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். "பழைய படம், கரகரன்னு இருக்குமோன்னு பயந்தேன். சுத்தம் பண்ணிட்டாங்க. அவ குரல் அப்படியே கேக்கும்" என்றான். எங்கள் தலையில் விழப்போகிற இடியை அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். நாங்கள் அதைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலையெல்லாம் மூடிவிட்டு உட்கார்ந்தோம். பாப்பா அம்மாவின் மடியில் தலை வைத்துத் தரையில் சாய்ந்திருந்தாள். படம் ஆரம்பித்ததுமே எனக்கு எரிச்சல். இருட்டு என்பதே இல்லை. தாதா ஒளிந்து நிற்கிற சந்தெல்லாம் பட்டப்பகல் போல இருந்தது. ஓரத்தில் நிற்கிறவர்களைப் பாதி முகத்தோடு வெட்டியிருந்தார்கள். துப்பாக்கி சுட்டால் தகரத்தில் கல் விழுகிற சத்தம். சரி, தொலையட்டும் என்று இருந்தேன்.

அப்புறம் தாதா வாயைத் திறந்தான். வாய்க்கு முப்பது வயது, குரலுக்கு அறுபது. அந்த நடிகரே இந்த வயதில் வந்து மறுபடியும் பேசியிருக்கிறார். அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து ஒரு போலீஸ்காரர் பேசினார், அவர் குரலும் வேறு. கூட வந்த ரௌடி பேசினான், அதுவும் வேறு. பாப்பாவுக்கு எப்படித் தெரியும், அவள் படத்தை முன்பின் பார்த்ததில்லையே. "ஒலி சூப்பரா இருக்கில்ல சித்தப்பா?" என்றாள். கரண்ட் போகட்டும், டிவி வெடிக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. தாதாவின் மனைவி எடுத்தாள். "அவர் ஊர்ல இல்லைங்க" என்று ஒரு பெண் விம்மினாள். "வந்தா... வந்தா சொல்றேன்" என்று மூக்கை உறிஞ்சினாள். சின்ன வயது, பயிற்சி உள்ள குரல். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அழச் சொல்லியிருப்பார்கள், அழுதிருக்கிறாள். எதிரே போலீஸ் உட்கார்ந்திருக்கும்போது எந்த முட்டாள் இப்படி அழுவாள் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் ரிமோட்டை எடுத்தான். அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஏனென்றால், மடியில் கிடந்த பாப்பா எழுந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "அம்மா... இது நீயாம்மா? இவ்ளோ அழகாவா இருந்துச்சு உன் குரல்?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நான் சமையலறை வரை பின்னாலேயே போனேன். "அண்ணி, இது அநியாயம். அவகிட்ட சொல்லிடலாம்." அண்ணி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே உதட்டை அசைத்தார். "சொல்லி? அப்புறம் அவளுக்கு எதைக் குடுப்பீங்க?" தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்றன உதடுகள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாளே டிஸ்க் போட்ட கம்பெனிக்குப் போய்க் கத்தினேன். அங்கே இருந்த பையன் கோபப்படவே இல்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். "சார், பழைய சவுண்டு இருந்த ஃபிலிம் புளிச்சுப்போய், பெட்டியைத் திறந்தாலே நாத்தம். ஒண்ணும் தேறல. தூக்கிப் போட்டுட்டோம்" என்றான். தியேட்டரில் ஓடிய பிரதிகள்? ஃபிலிமில் இருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுக்க எப்போதோ உருக்கிவிட்டார்களாம். "ஆனா சார், இதுவரைக்கும் யாருமே குறை சொல்லலியே. நீங்கதான் முதல் ஆள்." அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவன் சட்டையைப் பிடிக்கலாம் என்று போனவன், தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

பாப்பா அந்தக் காட்சியை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் போட்டுக் காட்டினாள், மாமியாருக்குக் காட்டினாள், ஆபீஸில் காட்டினாள். குழந்தை பிறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பிள்ளையை அண்ணியின் மடியில் வைத்துப் போனை ஓட்டுவாள். "பாருடா, பாட்டி பேசறாங்க பாரு." குழந்தை அண்ணியின் முகத்தையே பார்க்கும். அது ஏமாந்துபோகக் கூடாதே என்று அண்ணி உதட்டை அசைப்பார். அந்தப் பெண் விம்முகிற இடத்தில் விம்மி, உறிஞ்சுகிற இடத்தில் உறிஞ்சி, ஒரு இம்மி பிசகாமல். ஒரு காலத்தில் எவளோ ஒருத்தியின் உதட்டுக்குக் குரல் கொடுத்தவர், இப்போது எவளோ ஒருத்தியின் குரலுக்கு உதடு கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை கை தட்டும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

போன வருஷம் கட்டி திரும்ப வந்தது. இந்த முறை எதை எடுத்தும் பிரயோஜனம் இல்லை என்றார்கள். அண்ணி துணி அறையிலிருந்து ஒரு படுக்கைக்குப் போய், அங்கேயே முடிந்துபோனார்.

வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது, பாப்பா போனை அவர் தலைமாட்டில் வைத்து அந்தக் காட்சியைப் போட்டாள். "அவர் ஊர்ல இல்லைங்க..." கூடம் முழுக்க அழுதது. துணி அறையில் கூட வேலை பார்த்தவர்கள், "இப்படி ஒரு குரலா இருந்திச்சு!" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். பாப்பா திரும்பவும் போட்டாள். அண்ணன் எழுந்து பின்பக்கம் போனான். நானும் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்தியிருந்தான்.

"டேய், உங்க அண்ணி குரல் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"எனக்கு வரமாட்டேங்குதுடா. எவ்வளவு நினைச்சாலும் அந்தப் பொண்ணுதான் வந்து அழறா." என் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்காவது இருக்கே. அது போதும்டா."

நான் அவனிடம் சொன்னது பொய். எனக்கும் இல்லை. வேலை முடிந்து வந்து வாசலில் நிற்கும்போதெல்லாம் முயற்சி செய்து பார்க்கிறேன். கனமான குரல் என்று தெரிகிறது, கடைசிச் சொல்லுக்கு முன் நிற்கும் என்று தெரிகிறது. தெரிந்து என்ன, கேட்க வேண்டுமே. கண்ணை மூடிக்கொள்கிறேன். கதவு திறக்கிறது. அண்ணி நிற்கிறார், சிரிக்கிறார், வாயைத் திறக்கிறார். "என்ன தம்பி, இன்னைக்கும் லிஃப்ட் பாதியில நின்னுடுச்சா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்கிறாள் அந்தப் பெண்.