வேலாயுதம் அண்ணன் சொல்லாமல் விட்டது

மூன்றாம் பாடவேளையில் வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகச் சொன்னார்கள். பேசியவர் கேமரன் மலையில் நான் முன்பு வேலை செய்த தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி. "டீச்சர், நம்ம மெக்கானிக் வேலாயுதம் தவறிட்டாரு லா. காலைல பெரட்டுல பேரு குடுக்க நின்னுக்கிட்டு இருந்தவரு, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. நாளைக்கு மத்தியானம் எடுக்கறோம். முடிஞ்சா வாங்க" என்றார். நான் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வகுப்புக்குத் திரும்பி மிச்சக் கணக்கையும் போட்டு முடித்தேன்.

கிராணி 'மெக்கானிக்' என்று சொன்னதுதான் என் மண்டையைக் குடைந்தது. கடைசி நான்கு வருடங்கள் வேலாயுதம் அண்ணன் மெக்கானிக் அல்ல. களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில், முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு மேடு ஏறியவர். அவரை அங்கே அனுப்பியவள் நான். அந்தத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் அங்கிருந்த உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். வந்த புதிதில் ஒரு பனிக்காலையில் என் பழைய கார் கிளம்ப மறுத்தது. நான் அதைக் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தேன். கம்பளித் தொப்பியும் எண்ணெய்க் கறை படிந்த சட்டையுமாக ஒல்லியான மனிதர் ஒருவர் வந்து சாவியை வாங்கினார். "டீச்சர், நீங்க வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறது தினம் எங்க ஒர்க்‌ஷாப் வரைக்கும் கேக்குது. புள்ளைங்க பயந்து சொல்லிரும். இந்தக் காடிக்கு பயமெல்லாம் கெடையாது" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் ஏதோ ஒரு குழாயைக் கழற்றி ஊதினார், கார் கிளம்பிவிட்டது. கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நன்றி சொன்னேன். அவர்தான் வேலாயுதம் அண்ணன். தோட்டத்து லாரிகள், டிராக்டர், தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் எல்லாம் அவர் கையில்தான் ஓடின.

என் கணவருக்கு ஈப்போவில் அரசாங்க வேலை. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் மகள் கவிதாவை ஏற்றிக்கொண்டு மலையிறங்குவேன், ஞாயிறு திரும்பி ஏறுவேன். இந்த அலைச்சலுக்காகவே அவர் ஜப்பானிலிருந்து வந்த சின்னக் கார் ஒன்றை, யாரோ ஓட்டியதுதான், வாங்கித் தந்தார். நல்ல கார். ஆறாவது மாதம் அதன் முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது, எரிந்துகொண்டே இருந்தது.

வேலாயுதம் அண்ணன் காரோடு வந்த ஜப்பானியப் புத்தகத்தில் படங்களை மட்டும் பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், பிளக் போலவே ஒரு சாமான் திருகப்பட்டிருந்தது. சென்சார். "இது மூக்கு டீச்சர். பொகைய மோந்து பாத்து, பெட்ரோல் கூடிப்போச்சா கொறஞ்சுபோச்சான்னு சொல்லும். அதக் கேட்டு இஞ்சின் சரி பண்ணிக்கும். நம்ம பெட்ரோல்ல ஈயம் கலக்குறான். ஜப்பான்காரன் இந்தக் காடிக்கு ஈயமில்லாத பெட்ரோல் ஊத்துவானாம். ஈயம் படிஞ்சு மூக்கு அடச்சிப்போச்சு" என்றார். பிளக்கைத் தேய்ப்பதுபோல் கம்பி பிரஷால் தேய்த்து, பெட்ரோலில் கழுவி மாட்டினார். அப்படிச் செய்திருக்கவே கூடாது என்று பிறகு அவரே சொன்னார். அந்தச் சாமானைத் தேய்க்கவும் கூடாது, கழுவவும் கூடாது, கெட்டுப்போனால் மாற்றத்தான் வேண்டும். இரண்டே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது.

இனி நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது இது: "இதையே மாதிரியா ஈப்போவுக்கு அனுப்பித் தேடச் சொல்றேன். கெடைக்கிற வரைக்கும் காடிய மலைய விட்டு எறக்காதீங்க." நான் சொன்னது இது: "வெள்ளிக்கிழமை நான் போயாகணும். அந்த வெளக்கு கண்ணக் குத்துது. எப்படியாவது அத அணைச்சுக் குடுங்க அண்ணே." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வெளக்கு அணைஞ்சா கோளாறு போயிடாது டீச்சர்" என்றார். நான் விடவில்லை. என் பிடிவாதம் உங்களில் பலருக்குத் தெரியும். அவர் சென்சாரைக் கழற்றினார். அந்தத் துளையில் ஒரு போல்ட்டைக் கயிறு சுற்றி முறுக்கினார். மஞ்சள் விளக்கின் பல்பையும் பிடுங்கி என் கையில் கொடுத்தார். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் போனவர்களுக்கு அந்த வளைவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதில் வாந்தி எடுக்காத குழந்தை கிடையாது. பிளாஸ்டிக் பையும், வாயில் அடக்கிக்கொள்ளப் புளிப்பு அசாம்போயும் இல்லாமல் யாரும் வண்டி ஏறுவதில்லை. போல்ட் போட்ட முதல் வெள்ளிக்கிழமை கவிதா ரிங்லெட் ஊரைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம்தான். அடுத்த வாரமும் அப்படியே. நான் அசாம்போயைக் கூட்டிக் கொடுத்தேன். எனக்கும் தலை வலித்தது. வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு கத்துகிறவளுக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளி நல்ல மூடுபனி. குளிருக்குக் கண்ணாடிகளை இறுக்க ஏற்றியிருந்தேன். ரிங்லெட் தாண்டி, பின் சீட்டில் இருந்தவளிடம் ஏதோ கேட்டேன். பதில் இல்லை. தூங்குகிறாள் என்று இன்னும் நான்கு வளைவு ஓட்டினேன். திரும்பிப் பார்த்தபோது தலை தொங்கி, வாய் திறந்து கிடந்தாள். பெத்தாய்க் காய் விற்கும் பூர்வகுடிப் பெண்ணின் தட்டிக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு அலறினேன். அந்தப் பெண்தான் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, வெளியே மூங்கில் பலகையில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். நெடுநேரம் கழித்து கவிதா கண்ணைத் திறந்து அழுதாள். காய்கறி இறக்கிவிட்டு மலைமேல் திரிங்காப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்ட டாக்டரிடம் வளைவு, வாந்தி, வெறும் வயிறு என்று காரணத்தையும் நானே சொல்லிவிட்டேன்.

வழியில் விட்டுவந்த காரை எடுத்துவர மறுநாள் வேலாயுதம் அண்ணன் போனார். மழை. அவரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் ஓட்டினார். இருபது வருடங்களாக அந்தப் பாதையில் லாரி ஓட்டியும் ஒருநாளும் தலை சுற்றாத மனிதருக்கு அன்று தலை சுற்றியது. உடனே நிறுத்தி பானெட்டைத் திறந்தார். அதன் பிறகு எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே மேலே வந்தார். என் வீட்டு வாசலில் நீர் சொட்ட நின்றது கண்ணில் நிற்கிறது.

"டீச்சர், பாப்பாவுக்கு வளைவால வந்ததில்ல. நான் போட்ட போல்ட்டு பாதி கழண்டு கெடக்கு. பொக பூரா உள்ளதான் வந்திருக்கு. மூக்கு இல்லாம இஞ்சின் பெட்ரோலக் கண்டபடி குடிச்சிருக்கு, அந்தப் பொக ரொம்ப மோசம். என்னாலதான்."

அவர் வாயைத் திறக்காமல் போல்ட்டை முறுக்கிவிட்டுப் போயிருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் ஆயுசுக்கும் வளைவையே திட்டிக்கொண்டிருந்திருப்பேன். அதை அன்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. "கொலைகாரப் பாவி" என்று கத்தினேன். லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தேன்.

துரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் துரை, கிராணி, நான், அவர், நான்கு பேர்தான். "யார் உன்னைக் கழட்டச் சொன்னா?" என்று துரை கேட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவர் நின்றார். என் பக்கம் திரும்புவார் என்று எதிர்பார்த்து, அதற்குச் சுடச்சுட ஒரு பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் திரும்பவில்லை.

"யாரும் சொல்லல துரை. நானாத்தான் செஞ்சேன்."

நான் பேசியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். பேசவில்லை. என் பிள்ளை சாகக் கிடந்தாள், நான் ஏன் பேச வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரமே ஒர்க்‌ஷாப் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறன்று, இரவல் ஸ்பேனரும் துணிப் பொட்டலமுமாக வந்து நின்றார். ஈப்போவில் அடிபட்டு நொறுங்கிக் கிடந்த அதே வகைக் காரிலிருந்து, நல்ல சென்சார் ஒன்றைச் சொல்லிவைத்துத் தருவித்திருந்தார். உள்ளே வாருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. மரைக்கு மட்டும் மசகு தடவி, முனையில் விரல் படாமல், அத்தனை பதவிசாகப் பொருத்தினார். ஒயர் சூட்டுக் குழாயில் உரசாதபடி தள்ளிக் கட்டினார். பிறகு பல்பைக் கேட்டு வாங்கி மாட்டினார். "ஈயப் பெட்ரோலுக்கு இதுவும் ரொம்ப நாள் தாங்காது. எரிஞ்சா எரியட்டும் டீச்சர். எரியறது நல்லதுக்குத்தான்" என்றார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல், மருந்து வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு வருவார். புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துப் பார்ப்பார். சாம்பல் நிறமென்றால் தலையாட்டிவிட்டுப் போவார். கறுப்பென்றால் பானெட்டைத் திறந்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழ் வருகிறதா என்று தேடுவார். நான் ஈப்போவுக்கு மாற்றலாகும்வரை இது நடந்தது. ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

சாவுக்குக் கவிதாவையும் கூட்டிப் போயிருந்தேன். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு மெக்கானிக் செய்த வேலையால் சாகக் கிடந்து, பிழைத்ததே மறுபிழைப்பு என்று வருகிற போகிற உறவினர்களிடமெல்லாம் நான் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவள். மருந்தடித்துத்தான் நெஞ்சு கெட்டது என்று கூட்டத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லையாம். எனக்கு எதையும் நம்ப முடியவில்லை. பெட்டியருகே போனதும் கவிதா என் கையை இழுத்தாள். "அம்மா, இவருதானே என்னைச் சாகடிக்கப் பாத்தவரு?"

மெதுவாகப் பேசத் தெரியாத பிள்ளை, என்னைப் போல. அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா நிமிர்ந்து பார்த்தார். அழுத கண்ணோடு கவிதாவின் தலையைத் தடவி, "பாப்பா நல்லா வளந்துட்டா டீச்சர்" என்றார். அங்கேயாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் எழவில்லை. தினமும் காலையில் ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டுகிற வாய்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். எந்தக் காரில் ஏறும் முன்பும் புகைக்குழாயில் விரல் விட்டுப் பார்க்கிறேன், கணவர் சிரிக்கிறார். குழந்தைக்கு வாந்தி வந்தால் கண்ணாடியை இறக்குகிறேன். இவை பழக்கங்கள். இவற்றுக்கு அடியில், துரையின் அறையில் அவர் சொன்ன அந்த வார்த்தை இருக்கிறது. நான்கு வருடங்களாக நல்ல பெயரோடு நான் நடமாடியது அதன் தயவில்தான். அதை இன்று திருப்பித் தருகிறேன். விளக்கை அணைக்கச் சொன்னவள் நான். காரை இறக்காதே என்று சொன்னவர் அவர்.

இதை நேற்று கவிதாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். லெட்சுமி அக்காவுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"அப்ப சனிக்கிழம மேல போவோம்மா. நான் அவங்களுக்கு வாசிச்சுக் காட்றேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."