ஜோடி சொல்கிற பதில்

லிஃப்ட் மெக்கானிக்குகளின் உலகம் சின்னது. ஒருவன் தும்மினால் நாலு கம்பெனியில் கேட்கும். அந்த உலகத்தில் நம்ம ஆளுக்கு 'நூல்' என்று பெயர். எதையும் நூல் பிடித்தாற்போல் பார்க்கிற மனிதர். வீட்டில் நாற்காலி லேசாக ஆடினாலும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்பேனர் தேடுவார். பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவரிடம் போய், பிரேக் தேய்ந்த ஒரு லிஃப்ட்டுக்கு 'எல்லாம் சரி' என்று சோதனை அட்டையில் கையெழுத்துப் போடச் சொன்னார் மேலாளர். நூல் போடவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அந்தக் குடியிருப்பின் செயலாளரிடம், "கொஞ்ச நாள் படியிலயே போங்க சார்" என்று சொல்லித் தொலைத்தார். குடியிருப்புக்காரர்கள் வேறு கம்பெனியைக் கூப்பிட்டு பிரேக்கை மாற்றிக்கொண்டார்கள். நூலின் வேலை போயிற்று. "இனிமே இந்த ஊர்ல எந்த லிஃப்ட்லயும் நீ கை வைக்க மாட்டே" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

அதன் பிறகு இரண்டு கம்பெனிகளில் டீ கொடுத்து, "எப்ப சேர்றீங்க?" என்று கேட்டார்கள். பழைய இடத்தில் விசாரித்த பிறகு மூச்சுவிடவில்லை. ஆறு மாதம் எந்தக் கம்பெனியிலும் இல்லாவிட்டால் லைசென்ஸ் செல்லாது. நூலுக்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி. இருபத்திரண்டு வருஷத் தொழில். போன் அடித்தால் எடுக்கப் பயம். அடிக்காவிட்டால் அதைவிட மோசம்.

மூன்றாவது கம்பெனி மறுநாள் வரச் சொல்லியிருந்தபோது மச்சினி வந்து சேர்ந்தாள். வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை. வீட்டில் சண்டைக்கோழி, போனில் தேன்.

"அத்தான், அந்த ஆளு உங்களைப் பத்தி என்னதான் சொல்றாருன்னு நானே கேட்டுடறேன்."

மேலாளருக்குப் போன் அடித்து, இல்லாத ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டாள். நூல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"இந்தத் தேதியில சேர்ந்தார், இந்தத் தேதியில நின்னார். அதுக்கு மேல சொல்றது எங்க வழக்கம் இல்லம்மா" என்றார் மேலாளர். "தொழில் எப்படின்னு தெரியணும்னா அவரோட சேர்ந்து வேலை பார்த்த ஜோடியைக் கேளுங்க. நம்பர் தரேன்."

நூலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜோடியின் பெயர் 'குண்டு'. ஒல்லிக்குச்சி மனிதர், அதனால்தான் குண்டு. ஒன்பது வருஷம் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். லிஃப்ட் வேலையில் ஒருவர் மேலே மெஷின் ரூமில் மின்சாரத்துக்குக் காவல் நிற்பார், மற்றவர் லிஃப்ட்டுக்கு அடியில் குழியில் இறங்குவார். மேலே இருப்பவர் ஒரு நொடி அசந்தால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால் அந்தத் தொழிலில் ஒருவனைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: அவர் மேலே நின்றால் நீ கீழே இறங்குவாயா? சான்றிதழ் எல்லாம் ஃபைலுக்கு அழகு.

"குண்டா? எனக்காக உசுரையே குடுப்பான். கேளு, கேளு" என்றார் நூல்.

மச்சினி குண்டுவுக்குப் போன் அடித்து அந்தக் கேள்வியையே கேட்டாள். லைன் இருக்கிறதா என்று பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள்.

"மாட்டேங்க" என்றது குண்டுவின் குரல். "அவருக்கு ஜாக்கிரதை பத்தாது." போனை வைத்துவிட்டார்.

"அடப்பாவி! இந்த வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருப்பான்!" என்று பெண்டாட்டி கத்தினாள்.

நூலுக்குக் காரணம் தெரியும். அன்று அவர் மறுத்த அட்டையில் சாயங்காலமே கையெழுத்துப் போட்டது குண்டு. அட்டை மேலாளரின் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. நூல் ஜாக்கிரதையானவர் என்று குண்டு சொன்னால், தான் போட்டது பொய்க் கையெழுத்து என்று தானே ஒப்புக்கொண்டதாகும். மேலாளர் வாயைத் திறக்கவே வேண்டாம். மேலாளரை நினைத்துப் பயந்தபோது கோபமாவது துணைக்கு இருந்தது. குண்டுவின் மேல் கோபம்கூட வரவில்லை. நிஜமாகவே நான் ஜாக்கிரதை இல்லாத ஆள்தானோ என்றுகூட நூலுக்குத் தோன்றிவிட்டது.

மறுநாள் மூன்றாவது கம்பெனியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் சர்வீஸ் பிரிவின் தலைவி. ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ் கறை. தொழில் செய்து மேலே வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"உங்க ஜோடிகிட்ட பேசினேன். இறங்க மாட்டேன்னார்."

"தெரியும்மா."

"ஏன் அப்படிச் சொல்லணும்?"

அட்டை விஷயம் நுனிநாக்கு வரை வந்தது. சொன்னால் வேலை கிடைக்கும். குண்டுவின் லைசென்ஸ் போகும். நூல் அதை விழுங்கினார்.

"அவனுக்கு ஏதோ பயம்மா. எனக்கும் பயம்தான். வேற யாரையாவது கேளுங்கன்னு சொல்ல எனக்கு ஆள் இல்ல."

தலைவி எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார்.

"வாங்க. நம்ம கட்டடத்து லிஃப்ட் இருக்கு. நான் குழியில இறங்கறேன். நீங்க மேல நில்லுங்க."

"ஐயோ, வேணாம்மா!"

"அந்தக் கேள்வியை எனக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாது."

மெஷின் ரூமில் நூல் மெயின் ஸ்விட்சை அணைத்தார். பூட்டுப் போட்டார். சாவியைப் பையில் வைத்தார். "பூட்டியாச்சு" என்று கத்தினார். "இறங்கிட்டேன்" என்று கீழேயிருந்து பதில் வந்தது. கடந்த மாதங்களில் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. பூட்டை இழுத்துப் பார்த்தார். பையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி இரண்டு தடவை இழுத்தார்.

"மேல என்ன சத்தம்?"

"பூட்டைப் பாக்கறேம்மா."

"எத்தனை தடவை?"

"மூணு."

"அது போதும். நான் வேலையைப் பாக்கறேன்" என்றார் தலைவி. குழிக்குள் ஸ்பேனர் வைத்து முடுக்குகிற சத்தம் கேட்டது.