பஸ்ஸின் பின்புறத்தில் செல்வரத்தினம்

செல்வரத்தினத்தின் முகம் பஸ்ஸின் பின்புறத்தில் ஏறிவிட்டதை முதலில் கண்டவள் மகள் லக்ஷிகாதான். நகரத்தின் வடகோடியில், ஆல்பனியில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவள், பஸ் நிலையத்தில் நின்றபடியே படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் அப்போது நகரத்தின் மறுகோடியில், ஈஸ்ட் டாமாக்கியில், பெயின்ட் வாளிகள் அடுக்கிய கிடங்கு ஒன்றில், ஃபோர்க்லிஃப்ட்டை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். போனைத் திறந்தால் கழுத்தில் நீலச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக அவரே சிரிக்கிறார். பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'நான் எங்கேயும் போகவில்லை. நீங்கள்?' என்று ஒரு வாசகம். அதற்குக் கீழே டாமாக்கி ஹெரன்ஸ் ரக்பி அணியின் சின்னம், சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு வரி.

"அப்பா, யூ ஆர் ஃபேமஸ்!" என்று மகள் எழுதியிருந்தாள்.

சில வாரங்களுக்கு முன்பென்றால் அவரும் சிரித்திருப்பார். கிடங்கு முழுக்கக் காட்டித் திரிந்திருப்பார். இப்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார்.

அவர் இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில், அகதியாக. முதல் வேலை ஒரு பிளாஸ்டிக் ஆலையில். அங்கிருந்த மேற்பார்வையாளர் தான் போக முடியாத ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கான டிக்கெட்டை இவர் கையில் திணித்துவிட்டார். ரக்பியில் பந்தை எந்தப் பக்கம் எறியலாம், எந்தப் பக்கம் எறியக்கூடாது என்பதுகூட இவருக்குத் தெரியாது. அறையில் தனியே கிடப்பதற்கு இது மேல் என்று போனார்.

கூட்டம் என்றால் அந்த நாட்களில் அவர் ஒதுங்கிப்போவார். அவர் அறிந்த கூட்டங்கள் அப்படி. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற கூட்டம். இராணுவத்தின் சுற்றிவளைப்பில் மைதானத்தில் குந்தவைக்கப்பட்ட கூட்டம். யாராவது ஒருவன் குரலை உயர்த்தினால் எல்லோரும் சிதறி ஓடவேண்டியிருந்த கூட்டம். இங்கேயோ கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடுவரைப் பார்த்துக் கத்தினார்கள். விசிலும் அதிகாரமும் வைத்திருந்த அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் வந்து யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. பக்கத்து இருக்கையில் கிரெய்க் என்று ஒரு பிளம்பர். சூடான சிப்ஸ் பொட்டலத்தை இவர் பக்கம் நீட்டி, "நீயும் கத்து. அதுக்குத்தானே வந்திருக்கிறாய்?" என்றான்.

இடைவேளைக்குப் பிறகு செல்வரத்தினமும் கத்தினார். தமிழில் கத்தினார். அறைக்குத் திரும்பியபோது தொண்டை கட்டியிருந்தது. ஊரைவிட்டு வந்தபின் அன்றுதான் இடையில் விழிக்காமல் தூங்கினார்.

அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட் எடுத்து, மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்டில் கிரெய்க்குக்குப் பக்கத்து இருக்கையைத் தனக்கென்று வாங்கினார். கல்யாணம் ஆயிற்று, பாப்பட்டோய்ட்டோயில் வீடு ஆயிற்று, மகள் பிறந்தாள். இருக்கை மட்டும் மாறவில்லை. அந்த வரிசையில் இருந்தவர்கள் அவரைச் 'செல்' என்று கூப்பிட்டார்கள். மகள் பிறந்தபோது எல்லோரும் சேர்ந்து ஹெரன்ஸ் சின்னம் போட்ட ஒரு குட்டிச் சட்டை வாங்கித் தந்தார்கள். மனைவி ரதிதேவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: "சனிக்கிழமை எண்டால் இந்த மனுசனுக்குக் கலியாணவீடும் தெரியாது, செத்தவீடும் தெரியாது."

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. தொலைக்காட்சிக்காக ஆட்டத்தைப் பகலிலிருந்து இரவுக்கு மாற்றினார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் நின்றுபோனார்கள். டிக்கெட் அட்டை போய், எல்லாம் போனுக்குள் வந்தது. வரிசையில் இருந்த வயதானவர்கள் வாசலில் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு வரவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஜப்பானுக்கும் பிரான்சுக்கும் போனார்கள். மிஞ்சியவர்களுக்கும் முக்கியமான ஆட்டங்களில் ஓய்வு கொடுத்தார்கள். அணி தோற்றது. தோல்வியை ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள், அது பழகிப்போன ஒன்று. தங்களை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. வெறும் இருக்கைகள் தொலைக்காட்சியில் தெரியாமலிருக்க, எதிர் ஸ்டாண்டின் மேல்பகுதியில் நீலத் துணியை இழுத்துப் போர்த்தினார்கள். கிரெய்க் அதைப் பார்த்துவிட்டு, "பிணத்துக்குப் போர்த்துகிற மாதிரி" என்றான்.

அப்படியான ஒரு சீசனின் முடிவில்தான் மஹதி போன் பண்ணினாள்.

"வணக்கம் அங்கிள். ஹெரன்ஸ் கிளப்ல இருந்து மஹதி பேசுறேன். உங்க பேரப் பார்த்ததும் தமிழ்னு தெரிஞ்சுது, அதான் நானே கூப்பிட்டேன்."

அவள் கோயம்புத்தூர்ப் பெண். இங்கே படித்துவிட்டு, கிளப்பின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நீண்ட நாள் ரசிகர்கள் சிலரைப் படம் எடுத்துப் போடப்போகிறார்களாம். செல்வரத்தினம் யோசித்தார். இத்தனை வருடங்களில் கிளப்பிலிருந்து ஒரு மனிதக் குரல் அவரைக் கூப்பிட்டதே இல்லை.

"வாறன் பிள்ளை. ஆனால் உங்கட பெரியாக்களிட்டை ஒண்டு சொல்லவேணும். ஆட்டத்தைத் திரும்பப் பகலிலை வைக்கச் சொல்லுங்கோ. ஆக்கள் வருவினம்."

"கண்டிப்பா சொல்றேன் அங்கிள்."

படம் எடுக்கிற இடத்தில் சால்வையைத் தந்து, சிரிக்கச் சொன்னார்கள். அவரும் மனதாரத்தான் சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த அறிவிப்பு. பராமரிப்புச் செலவைக் குறைப்பதற்காகக் கிழக்கு ஸ்டாண்ட் அடுத்த ஆண்டு மூடப்படும். அங்கே இருந்தவர்களுக்கு வடக்கு மூலையில், கோல் கம்பங்களுக்குப் பின்னால், இடம் தரப்படும். விலையில் மாற்றமில்லை. யார் பக்கத்தில் யார் என்பதைக் கணினியே முடிவு செய்துவிட்டது. செல்வரத்தினமும் கிரெய்க்கும் இரண்டு வெவ்வேறு பகுதிகளில் விழுந்திருந்தார்கள்.

கிரெய்க் அன்றே வரிசைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டான். ஒருவரும் டிக்கெட்டைப் புதுப்பிக்கக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். செல்வரத்தினமும் சரி என்றார். படம் எடுத்தது அந்த நேரம் அவர் நினைவுக்கு வரவே இல்லை.

இப்போது அந்தப் படம் நகரமெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ரசிகர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவர் முகத்துக்கு மீசை வரைந்தார்கள், கொம்பு வரைந்தார்கள். 'இவனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, நிமலன் என்ற தெரிந்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "அண்ணை, நீங்கள் எங்கையும் போகேல்லையாமே! அப்ப வரிசையிலை எங்களை முன்னுக்கு விடுங்கோவன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

கிரெய்க்கின் போன் அப்படி இருக்கவில்லை.

"செல், நீ எந்தப் பக்கம்?"

"அந்தப் படம் முந்தியே எடுத்தது, கிரெய்க். ஸ்டாண்டை மூடுகிற கதையே அப்போது இல்லை."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"மறந்துபோனேன்."

"பரவாயில்லை" என்றான் கிரெய்க். பரவாயில்லை என்ற குரலாக அது இல்லை.

கிளப் ரசிகர்களோடு பேச வெஸ்ட்கேட்டில் ஒரு கூட்டம் வைத்தது. செல்வரத்தினம் வேலை முடிந்து, நெரிசலில் நகரத்தைக் குறுக்கே கடந்து போய்ச் சேர்ந்தபோது மண்டபம் பாதிதான் நிறைந்திருந்தது. கோபப்படக்கூட ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். கிரெய்க் முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தான். இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

தலைமை நிர்வாகி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உலகம் முழுக்க இதே நிலைமைதான், மக்கள் வீட்டிலிருந்து பார்க்க விரும்புகிறார்கள் என்றார். "ஆனால் அசையாத ரசிகர்களும் நமக்கு இருக்கிறார்கள்" என்று சொல்லித் திரையை மாற்றினார். சுவரளவுக்குச் செல்வரத்தினத்தின் முகம் வந்து நின்றது. பல தலைகள் திரும்பி அவரைத் தேடின.

எழுந்து நின்றது அவருக்கே தெரியாமல் நடந்தது. யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் வைத்தார்கள். கிடங்கில் நாள் முழுக்கப் பேசுகிற ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து எங்கோ ஒளிந்துகொண்டது. கைக்குக் கிடைத்த சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தார்.

"அந்தப் படம் எடுத்தபோது எனக்கு ஒரு இருக்கை இருந்தது" என்றார். "பக்கத்தில் என் நண்பன் இருந்தான். இப்போது இரண்டும் இல்லை. அதனால் நான் போகிறேன்."

மண்டபம் சிரித்தது, பிறகு கைதட்டியது. சிலர் விசில் அடித்தார்கள். தலைமை நிர்வாகியும் புன்னகைத்தார். "இப்படியான கருத்துகளைக் கேட்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம். நன்றி. அடுத்த கேள்வி?"

அவ்வளவுதான். அடுத்தவர் எழுந்து கார் நிறுத்துமிடத்தைப் பற்றிக் கேட்டார். செல்வரத்தினம் உட்கார்ந்தார். நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். அவருக்கு நித்திரைதான் வந்தது.

தேநீர் மேசையருகே மஹதி தயங்கித் தயங்கி வந்தாள். அழுதிருக்கிறாள் என்று கண்களே சொல்லின.

"சாரி அங்கிள். ஸ்டாண்ட மூடுறாங்கன்னு தெரிஞ்சதுமே உங்க போட்டோவ எடுத்துடலாம்னு சொன்னேன். பஸ் விளம்பரத்துக்கு ஏற்கனவே ஒப்பந்தம் போட்டாச்சு, மாத்த முடியாதுன்னுட்டாங்க."

"ஆட்டத்தைப் பகலிலை வைக்கிற கதை சொன்னனீங்களோ?"

"சொன்னேன். எழுதிக்கிட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "புதுப்பிக்கிறவங்க குறைஞ்சா மொதல்ல எங்க டீம்லதான் ஆளக் குறைப்பாங்க. என் விசாவும் இந்த வேலையிலதான் இருக்கு. அதான் என்னால ரொம்பப் பேச முடியல."

வரும் வழியெல்லாம் அவளிடம் கேட்கவென்று அவர் நாலு வார்த்தை சேர்த்துவைத்திருந்தார். "சரி பிள்ளை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார்.

வெளியே கிரெய்க் தன் வேனில் சாய்ந்துகொண்டு காத்திருந்தான்.

"நல்லாச் சொன்னாய்."

"ஒன்றும் நடக்காது."

"நடக்காது" என்று கிரெய்க் ஒத்துக்கொண்டான். "நான் ஒரு சின்னப் படகு வாங்கியிருக்கிறேன், செல். இனி சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகலாம் என்று இருக்கிறேன். நீயும் வா."

ஒருமுறை போனார். துறையை விட்டுக் கொஞ்சத் தூரம் தாண்டியதும் குடலைப் புரட்டி வாந்தி எடுத்தார். கிரெய்க் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போய், படகைத் திருப்பினான். அதற்குப் பிறகு இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். முதலில் வாரத்துக்கு ஒருமுறை. பிறகு ஏதாவது விசேஷம் என்றால்.

சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தார். மூடிய கிழக்கு ஸ்டாண்டைக் காட்டாமலிருக்க, கமெரா பெரும்பாலும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் கத்த முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, துவைத்த துணிகளை மடித்துவைத்தார்.

பல சனிக்கிழமைகள் அப்படிப் போயின. அவர் வீட்டில் இருப்பது ரதிதேவிக்கு ஆரம்பத்தில் சந்தோஷமாக இருந்தது. பின்பு ஒரு நாள் அவளே வாயைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கிறன். முந்தித் தொண்டை அடைச்சு வந்து படுத்தீங்களெண்டால் விடியத்தான் எழும்புவீங்கள். இப்ப இரவிரவாய் முழிச்சிருக்கிறீங்கள். நான் கவனிக்கேல்லையெண்டு நினைக்காதேங்கோ."

"என்னப்பா செய்யச் சொல்லுறாய்? திரும்பக் காசைக் கட்டிப் போய் அந்த மூலையிலை குந்தவோ?"

"அங்கை போங்கோ எண்டு நான் சொன்னனானே? எங்கையாவது போங்கோ."

அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். எங்கே என்று தீர்மானித்துப் போகவில்லை. வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் உள்ள பூங்காவில் இரண்டு உள்ளூர்க் கிளப்புகள் விளையாடிக்கொண்டிருந்தன. டிக்கெட் இல்லை, இருக்கைகள் இல்லை. எல்லைக் கயிற்றோரம் நாய்களோடும் குடைகளோடும் கொஞ்சப் பேர் நின்றார்கள். ஆட்டக்காரர்களில் தொந்தி வைத்தவர்களும் இருந்தார்கள். சேற்றில் விழுந்து எழும்பியதில் இரண்டு அணிச் சட்டைகளும் ஒரே நிறமாகியிருந்தன.

பக்கத்தில் நின்ற பெண் அவரைப் பார்த்து, "உங்கள் ஆட்கள் யார்?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியவில்லை" என்றார் அவர்.

அவள் சிரித்துவிட்டு, தன் மகனின் பேரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினாள். செல்வரத்தினம் கத்தவில்லை. கத்தத் தோன்றவுமில்லை. தூறல் பிடித்தது, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார். கால் வலித்தபோது காலை மாற்றி நின்றார். வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு மூன்று தடவை நினைத்தார். ஆனால் போகாமல், யார் பக்கம் என்று தெரியாமலேயே, ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றார்.