பதினோரு இணைப்புகள்

டெலோரஸ் வோய்தா இருபத்திரண்டு வருஷம் விஸ்கான்சின் பால் ஆலைகளில் எவர்சில்வர் குழாய்களுக்கு டிக் வெல்டிங் செய்தவள். குழாய்களைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை, பற்றவைப்பது அவள் வேலை.

அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. மணிக்கட்டைக் குழாயில் அழுத்தி, மூச்சை அடக்கிச் சமாளித்தாள். நான் கவனித்தது அவளுக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச்சில், குழந்தைகளுக்கான பால்மாவு ஆலையில் வேலை. கடைசி நாளில் பதினோரு இணைப்புகளை முடித்தாள். மறுநாள் காலை, குழாய்களில் பால் விட இரண்டு மணி நேரமே இருந்தபோது, மேற்பார்வையாளர் ரஸ் நெல்டர் முன்னால் போய் நின்றாள்.

"ரஸ், நேத்து போட்டதுல ஒண்ணு கெட்டுப்போச்சு. குழாய்க்குள்ள ஆர்கான் வாயு தீர்ந்துடுச்சு. தெரிஞ்சும் நிறுத்தாம போட்டுட்டேன்."

"ஏன் நிறுத்தல?"

"நிறுத்தியிருந்தா மறுபடி ஆரம்பிச்சிருக்க முடியாது. கை அப்படி ஆடிச்சு."

ஆர்கான் இல்லாமல் பற்றவைத்தால் குழாயின் உட்புறம் கருகிச் சொரசொரப்பாகிவிடும். அதில் பால் தங்கி அழுகும். எத்தனை முறை கழுவினாலும் போகாது.

"கேமரா விட்டுப் பாத்தாச்சே."

"இந்தப் பதினொண்ணும் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கு. கேமரா அங்க போகல."

"சரி, எதுன்னு காட்டு."

"தெரியல ரஸ். வெளிய எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. நான் என் கையத்தான் பாத்துட்டிருந்தேன்."

ரஸ் குரலைத் தாழ்த்தினான். "இப்படியே விட்டா யாருக்கும் தெரியாது."

"விட்டுடலாம்னுதான் நானும் நெனச்சேன். முடியல."

கடைசியில் ரஸ் வெட்டச் சொன்னான். இணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். அவள் கவிழ்த்த வாளிமேல் கையை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு இணைப்புகள் பளபளவென்று சுத்தமாக இருந்தன.

"கனவு கண்டியா டெலோரஸ்?" என்றான் ரஸ்.

"வெட்டச் சொல்லு."

ஒன்பதாவது உள்ளே கருகிக் கிடந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். முகத்தில் நிம்மதியே இல்லை.

கிரீன் பே நகரத்திலிருந்து வேறொரு வெல்டர் வந்து, வெட்டிய இணைப்புகளையெல்லாம் திரும்பப் போட்டான். பால் ஒருநாள் தாமதமானது. தான் போட்ட இணைப்புகளில் அவள் அடையாளமாகக் குத்தும், அவளுடைய எண் பொறித்த முத்திரையை ரஸ் திருப்பி வாங்கிக்கொண்டான். நடுக்கத்துக்கு மருந்தில்லை என்றார் டாக்டர்.

ஏப்ரலில் என்னிடம் வந்தாள். "குழாய் வெட்டுற வேலையாவது கேட்டுப் பாரேன். தரை கூட்டுறதுன்னாலும் சரி."

கேட்டேன். இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்றார்கள். அதை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

போன வாரம் கீவானி ஊரில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் வேலைக்கு நின்றிருந்த அவளைப் பார்த்தேன். காபிக் குடுவையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். எனக்கு ஊற்றும்போது காபி தட்டில் சிந்தியது.

"குடு, நான் ஊத்திக்கிறேன்," என்றேன்.

"வேணாம். மேனேஜர் பாக்குறான்."